கார்ல்டன் சாப்மன்: நடுக்களத்தில் நின்ற ஓர் உழைப்பாளி

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. ஊரடங்கு தளர்ந்து ஓசூர் சிப்காட்டில் மறுபடியும் ஷிப்ட்டுகள் ஓடத் தொடங்கியிருந்த நேரம். எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் பையன்களில் ஒருவன் போனை நீட்டி, "அக்கா, பெங்களூர்ல ஒரு ஃபுட்பால் பிளேயர் செத்துட்டாராம். இந்தியா டீமுக்கே கேப்டனா இருந்தவராம். கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றான். படத்தில் இருந்தவர் கார்ல்டன் சாப்மன். வயது 49. மாரடைப்பு.

கேள்விப்பட்டிருந்தேன். என் அப்பா கொத்தனார். விடியற்காலை பஸ் பிடித்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பியவர். கையில் காசும் கொஞ்சம் நேரமும் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அசோக் நகர் கால்பந்து மைதானத்துக்குப் போவார். ஈஸ்ட் பெங்கால் அணி அங்கே ஆட வந்த ஒருநாள் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "கோல் போடுறவன் பேரத்தான் எல்லாரும் கத்துறாங்க. நடுவுல ஒருத்தன் நிக்கிறான் பாரு, சாப்மன்னு. மத்தவங்க எல்லாம் செங்கல் வைக்கிறாங்க. அவன்தான் ரசமட்டம் பாக்குறான்."

கால்பந்து பற்றி நான் பிறகு படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை. நடுக்கள வீரரின் வேலை அதுதான். பின்னால் இருப்பவர்களிடமிருந்து பந்தை வாங்கி, முன்னால் இருப்பவர்களுக்குச் சரியான நேரத்தில் கொடுக்க வேண்டும். பந்து பறிபோனால் முதலில் ஓடித் தடுக்க வேண்டும். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். அதிகம் ஓடுவதும் அவர்தான், மறுநாள் செய்தித்தாளில் குறைவாகப் பெயர் வருவதும் அவருக்குத்தான்.

இந்தப் பக்கத்தில் சாப்மனைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர் தலித் அல்ல. அவரை நம்மவர் ஆக்கிக்கொள்ளும் நோக்கமும் எனக்கில்லை. ஆனால், அவர் நடந்து போன பாதை நம் பாட்டன்மார் வேலை செய்த ஊர்களின் வழியாகப் போகிறது. உழைக்கும் வர்க்கக் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் இந்திய அணியின் தலைவர் ஆவதற்கு எந்தெந்தக் கதவுகள் திறந்திருந்தன, அவற்றில் எவை இன்று மூடிக்கிடக்கின்றன என்பதை அவருடைய வரலாறு காட்டுகிறது. அந்தக் கதவுகளுக்கு வெளியே இன்று நிற்பவர்கள் நம் பிள்ளைகள்.

கன்டோன்மென்டும் கோலாரும்

பெங்களூர் கன்டோன்மென்ட் 1809-ல் உருவானது. பிரிட்டிஷ் படைக்குச் சமைக்க, துவைக்க, குதிரை பராமரிக்க, கட்டடம் கட்ட, கழிவு அகற்ற ஆள் தேவைப்பட்டது. தமிழ் மாவட்டங்களிலிருந்து உழைக்கும் மக்கள் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பங்கு தலித்துகள். அல்சூர், ஆஸ்டின் டவுன் வட்டாரங்களில் இன்றும் தமிழ் கேட்பதற்குக் காரணம் இந்த இடப்பெயர்வு. இன்னொரு பக்கம் 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கச் சுரங்கத்தைத் தொடங்கியபோது வடாற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளின் தலித் மக்கள் பாதாளத்தில் இறங்கினார்கள். நிலமும் கூலியும் மறுக்கப்பட்ட கிராமத்தைவிட்டு வெளியேற அது ஒரு வழியாக இருந்தது. 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெங்களூரிலும் கோலார் வயலின் மாரிக்குப்பத்திலும் கிளைகள் முளைத்ததும் இந்த மக்களால்தான்.

கால்பந்தும் இதே படையோடு வந்தது. சிப்பாய்கள் திடலில் ஆடினார்கள். அந்தத் திடலைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை, காலுறை, வெள்ளைச் சட்டை, கிளப் உறுப்பினர் சீட்டு எல்லாம் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து போதும். காலணிகூட வேண்டியதில்லை. 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து அணி பிரான்ஸோடு மோதியபோது பெரும்பாலான வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியா 2-1 என்று தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பெங்களூரிலிருந்து போனவர்கள் பலர். தேசிய அளவிலான சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநிலம் நான்கு முறை வென்றது. 1968-69-க்குப் பிறகு கர்நாடகம் அதை மீண்டும் வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அல்சூருக்குப் பக்கத்தில் கௌதமபுரம் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பெரும்பாலும் தமிழ் பேசும் உழைக்கும் மக்கள். பெயரிலேயே புத்தர் இருக்கிறார். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு நான்காவதாக ஒரு சிலை நிற்கிறது. கையில் கோப்பையோடு பெலே. 2022 டிசம்பர் 29 அன்று பெலே இறந்தபோது அந்தத் தெரு மக்கள் தங்கள் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் மாலை போட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். நமக்கு அப்படித் தோன்றாது. பிறப்பால் தாழ்த்தப்பட்டவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் தன் உழைப்பாலும் அறிவாலும் உலகத்தின் முன் நிமிர்ந்து நின்றார் என்பதுதான் அம்பேத்கரையும் பெலேயையும் அந்த மக்கள் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதன் பொருள்.

சாப்மனின் பத்தாண்டுகள்

1971 ஏப்ரல் 13-ல் பெங்களூரில் பிறந்தவர் கார்ல்டன் சாப்மன். ஆஸ்டின் டவுன் பகுதி மைதானங்களில் ஆட்டம் பழகியவர். 1990களின் தொடக்கத்தில் ஜாம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாடமிக்குத் தேர்வானார். அந்த அகாடமி 1987-ல் தொடங்கப்பட்டது. தங்குமிடம், உணவு, படிப்பு, பயிற்சி எல்லாவற்றையும் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. வீட்டில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே நுழைவதற்குத் தடையாக இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1993-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். அந்த ஆண்டே ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் ஈராக்கின் அல் ஜவ்ரா அணியோடு ஆட்டம். ஈராக் அப்போது ஆசியாவின் வலுவான கால்பந்து நாடுகளில் ஒன்று. ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று வென்றது. அதில் மூன்று கோல்கள், 22 வயது நடுக்கள வீரரான சாப்மனுடையவை. இந்திய கிளப் ஒன்று ஆசிய அரங்கில் பெற்ற மறக்க முடியாத வெற்றிகளில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது.

1995-ல் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்குப் போனார். ஜே.சி.டி. என்பது பக்வாராவில் இருந்த ஒரு பஞ்சாலை நிறுவனம். அதன் அணியில் அப்போது மூவர் சேர்ந்திருந்தார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம்.விஜயன், சிக்கிமிலிருந்து வந்த பைச்சுங் பூட்டியா, பெங்களூரிலிருந்து வந்த சாப்மன். முதல் தேசிய கால்பந்து லீக் 1996-97-ல் நடந்தபோது கோப்பையை வென்றது இந்த மில் அணிதான். கோல்களைப் போட்டது முன்களம். அதிக கோல் அடித்தவர் பூட்டியா. ஆனால் அந்தக் கோல்களுக்குப் பந்து போய்ச் சேர்ந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் நடுக்களத்தில் சாப்மன் நிற்பார்.

1997-ல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மாலத்தீவை 5-1 என்று இந்தியா வென்றது. அணித் தலைவர் சாப்மன். அதே ஆண்டு தொடங்கப்பட்ட எஃப்.சி. கொச்சின் அணிக்கு அவர் மாறினார். மில் அணியோ வங்கி அணியோ அல்லாமல், கால்பந்தையே தொழிலாக நடத்த வந்த கிளப் அது. பெரிய தொகை, பெரிய பெயர்கள். முதல் ஆண்டிலேயே மோகன் பகானை வீழ்த்தி டூரண்ட் கோப்பையை வென்றது. ஆனால் பணம் நிற்கவில்லை. சம்பள பாக்கி ஏறியது. சில ஆண்டுகளில் கிளப்பே காணாமல் போனது. சாப்மன் ஒரே பருவத்தில் அங்கிருந்து கிளம்பி 1998-ல் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பினார். 2000-01 பருவத்தில் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் முதன்முறையாகத் தேசிய லீக்கை வென்றது. அந்த வெற்றியோடு, 30 வயதில், அவர் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார்.

அதே 2001-ல், பிப்ரவரி 28 அன்று, கோலார் தங்க வயல் மூடப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் நம் பகுதியின் உழைக்கும் வரலாற்றைப் படிப்பவர்கள் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நூறாண்டுக்கு மேல் நம் மக்களுக்குக் கூலியும், குடியிருப்பும், அமைப்பும் கொடுத்த ஒரு பொதுத்துறைச் சுரங்கம் மூடிய காலமும், நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நிரந்தர வேலை கொடுத்த காலம் முடியத் தொடங்கியதும் ஒன்றுதான்.

ஆட்டத்தை விட்ட பிறகு சாப்மன் பயிற்சியாளர் ஆனார். முதலில் டாடா அகாடமி, பிறகு ஷில்லாங்கின் ராயல் வாஹிங்டோ, கொல்கத்தாவின் பவானிபூர், பெங்களூரின் ஸ்டூடண்ட்ஸ் யூனியன், டெல்லியின் சுதேவா, கடைசியாகக் கோழிக்கோட்டின் ஓர் அகாடமி. ஊர்களின் இந்தப் பட்டியலைப் பாருங்கள். ஷில்லாங், கொல்கத்தா, டெல்லி, கோழிக்கோடு. இந்திய அணியின் முன்னாள் தலைவர் வேலை தேடி நாடு முழுக்க அலைந்திருக்கிறார். காண்ட்ராக்ட் முடிந்ததும் அடுத்த கம்பெனி கேட்டுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரைபடம் அந்நியமாக இருக்காது.

மில்லும் வங்கியும் தொழிற்சாலையும்

இந்தியக் கால்பந்து வரலாற்றைக் கோப்பைகளை வைத்து எழுதுகிறார்கள். வேலையை வைத்து எழுதினால் வேறு ஒரு வரலாறு கிடைக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இந்தியாவில் ஓர் ஏழை வீட்டுப் பையன் கால்பந்தை நம்பி வாழ முடிந்தது என்றால் அதற்குக் காரணம் நிறுவன அணிகள். ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கிகள், துறைமுகங்கள், மில்கள். பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகள். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. ஆட்டக்காரர் அந்த நிறுவனத்தின் ஊழியர். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம். சம்பளம் பெரிதல்ல. ஆனால் கால் உடைந்தாலும் வேலை இருக்கும். 35 வயதில் ஆட்டம் நின்றாலும் 58 வயது வரை சம்பளம் வரும். பிறகு ஓய்வூதியம் வரும். பிள்ளைகள் படிப்பார்கள்.

பொதுத்துறை நிறுவனங்களில் இன்னொன்றும் இருந்தது. அங்கே பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீடு உண்டு. ஆக, குடியிருப்பிலிருந்து வரும் பையனுக்கு இரண்டு கதவுகள். ஒன்று சமூக நீதிக் கதவு, இன்னொன்று விளையாட்டு ஒதுக்கீட்டுக் கதவு. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

இந்தக் கட்டடம் எப்படி இடிந்தது? 1991-க்குப் பிறகு பொதுத்துறையில் ஆள் எடுப்பது சுருங்கியது. தனியார் நிறுவனங்கள் விளையாட்டு அணியைச் செலவுக் கணக்கில் வைத்துப் பார்த்தன. மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. சாப்மனும் விஜயனும் பூட்டியாவும் ஆடிய ஜே.சி.டி. 2011-ல் கலைக்கப்பட்டது. எச்.ஏ.எல். 2011-12 பருவத்தோடு ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. 2013-ல் ஒரு பெரும் தொழில் குழுமத்தின் முதலீட்டில் பெங்களூரு எஃப்.சி. வந்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. மைதானத்தில் வெளிச்சம் கூடியது, தொலைக்காட்சி வந்தது, முன்னணி வீரர்களுக்கு முந்தைய தலைமுறை கனவிலும் காணாத சம்பளம் வந்தது. இதை நான் மறுக்கவில்லை. நல்ல சம்பளம் உழைப்பாளியின் உரிமை. ஆனால் அந்தச் சம்பளம் ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும்தான். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அவர் யாருடைய ஊழியரும் அல்ல.

இதைப் படிக்கும் ஓசூர்த் தோழர்களுக்கு இது புரியும். 1970களில் சிப்காட் வந்தபோது உள்ளே போனவர்கள் 'பர்மனென்ட்' ஆனார்கள். இன்று அதே கேட்டுக்குள் போகும் அவர்களின் பிள்ளைகள் 'காண்ட்ராக்ட்', 'அப்ரண்டிஸ்', 'டிரெய்னி'. கால்பந்துக்கு நடந்ததும் தொழிற்சாலைக்கு நடந்ததும் ஒரே மாற்றம்தான்.

திறமை மட்டும் போதுமா?

"திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது" என்பதை நம் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

உருகுவேயின் ஹொஸே லியாண்ட்ரோ அந்த்ராடே ஒரு நடுக்கள வீரர். கறுப்பினத்தவர். செருப்புக்குப் பாலிஷ் போட்டவர், செய்தித்தாள் விற்றவர். 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குகளில் தங்கம், 1930-ல் முதல் உலகக் கோப்பை. பாரிஸ் நகரம் அவரைக் 'கறுப்பு அதிசயம்' என்று கொண்டாடியது. அந்த மனிதர் 1957-ல் மாண்டிவிடியோவில் பார்வை மங்கி, வறுமையில் இறந்தார். கோப்பைகள் நாட்டிடம் இருந்தன. வறுமை அவரிடம் இருந்தது.

நம் நாட்டில் பல்வங்கர் பாலு. கிரிக்கெட் பந்துவீச்சாளர், சாமர் சமூகத்தவர். புனேயில் வெள்ளையர் கிளப் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபடி பந்துவீசக் கற்றவர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். ஆனால் இந்துக்கள் அணியில் அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில் வெளியே கொடுத்தார்கள். அணியின் தலைவர் பதவி அவருக்குத் தரப்படவே இல்லை. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 1923-ல் அவர் தம்பி விட்டல்தான் தலைவரானார். இளைஞரான அம்பேத்கருக்குப் பாலு ஒரு பெருமிதம். பின்னாளில் இருவரும் அரசியலில் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் பாலுவையே காங்கிரஸ் நிறுத்தியது. பாலு தோற்றார்.

இந்தக் கதையை நான் படிப்பகத்தில் சொல்லும்போது பிள்ளைகள் கடைசிப் பகுதியில்தான் அமைதியாகிறார்கள். ஒரு விளையாட்டு வீரரின் வெற்றி நமக்குப் பெருமை தரும். அது அமைப்புக்கும் அரசியலுக்கும் பதிலாக முடியாது. நம்மில் ஒருவர் மேடையில் நிற்பது வேறு, மேடைக்குப் போகும் படி எல்லோருக்கும் இருப்பது வேறு.

படி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வடசென்னை ஒரு சான்று. வியாசர்பாடியில் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காக உள்ளூர் ஆட்டக்காரர்களே தொடங்கிய பயிற்சிக் கூடம் பல ஆண்டுகளாக முல்லை நகர் மைதானத்தில் நடக்கிறது. ஆட்டத்தோடு படிப்பும் அங்கே கட்டாயம். அந்தப் பகுதியிலிருந்து வந்த நடுக்கள வீரர் தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காகக் கோல் அடித்தார். மார்ச் 17 அன்று பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதியில் சென்னை 3-2 என்று வென்றது. அடுத்த பருவத்தில் முழங்கால் காயம் அவரை வெளியே உட்கார வைத்தது. காயம் யாருக்கும் வரும். ஆனால் ஒப்பந்த உழைப்பில் காயத்தின் விலை கூடுதல். அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். சாப்மன் அணிந்த அதே சிவப்பு மஞ்சள் சட்டை.

பெண்களிலும் ஒரு நடுக்கள வீராங்கனையைச் சொல்ல வேண்டும். கடலூரின் இந்துமதி கதிரேசன். 2018 பிப்ரவரியில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு பெண்கள் அணி முதன்முறையாகத் தேசியக் கோப்பையைத் தூக்கியபோது அதில் இருந்தவர். இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் பணியில் நின்றார். ஆட்டம் நின்ற மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் வந்தது. அரசு வேலை என்பதன் பொருள் இதுதான்.

நம் ஊரில்

இனி நம் கதை. போனை நீட்டி சாப்மனைப் பற்றிக் கேட்ட பையனும் ஒரு நடுக்கள ஆட்டக்காரன்தான். காலனி அணியில் ஆடினான். ஒல்லியான உடம்பு, ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து வைத்திருப்பான்.

அவனும் நண்பர்களும் ஆடியது காலனியை ஒட்டிய ஒரு பொறம்போக்குத் திடல். நான் படித்துக்கொண்டிருந்தபோது அது முழுத் திடல். எம்.ஏ. முடித்துத் திரும்பியபோது ஒரு பாதியில் கிடங்கு எழும்பியிருந்தது. இப்போது மறுபாதியிலும் முள்கம்பி. பிளாட் போடுகிறவர்களுக்கு அது 'காலி இடம்'. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம்.

ஒருமுறை பக்கத்து ஊரில் பொங்கலுக்குப் போட்டி வைத்தார்கள். பிள்ளைகள் நுழைவுக் கட்டணம் சேர்த்து, அம்பேத்கர் படம் போட்ட நீல ஜெர்சி தைத்துக்கொண்டு போனார்கள். நடத்தியவர்கள் ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. "சட்டையில இருக்குற படத்த எடுத்துட்டு வாங்க, பிரச்சினை வேண்டாம்" என்றார்கள். பிள்ளைகள் கட்டணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று இரவு படிப்பகத்தில் பாலுவின் தேநீர்க் குவளையைப் பற்றிப் பேசினோம். நூறு ஆண்டு தூரத்தை அவர்கள் ஒரே பகலில் கடந்து வந்திருந்தார்கள்.

2021-ல் அந்தப் பையனுக்குப் பெங்களூரில் ஒரு கிளப்பின் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வார நாள். அவன் அப்போது ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள். விடுப்பு கேட்டான். "ஒருநாள் வரலன்னா பேரை எடுத்துடுவேன்" என்றார் சூப்பர்வைசர். வீட்டில் அக்காவின் திருமணக் கடன். அவன் முதல் ஷிப்ட்டுக்குப் போனான். கிளப் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஷிப்ட் குறுக்கே நின்றது. அந்தத் தேர்வில் அவன் வென்றிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் இனி தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்புதான் பறிக்கப்பட்டது.

டாடா அகாடமியைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? சாப்மனுக்கும் இவனுக்கும் திறமையில் எவ்வளவு தூரம் என்று நான் அளக்க வரவில்லை. ஆனால் சாப்மன் தேர்வான வயதில் உணவும் தங்குமிடமும் ஆட்டத்தோடு சேர்ந்தே வந்தன. இவனுக்கு ஒருநாள் விடுப்பு வரவில்லை. சமூகவியலில் 'வாய்ப்புக் கட்டமைப்பு' என்று ஒரு தலைப்பில் இதைப் படித்தேன். களத்தில் அதற்கு முள்கம்பி, ஷிப்ட், கடன் என்று பெயர்.

ஆகவே இளம் தோழர்களுக்குச் சில வேலைகளை முன்வைக்கிறேன். உங்கள் காலனியை ஒட்டிய திடல் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் புல எண்ணைக் குறிப்பிட்டு மனுப் போடுங்கள். கிராம சபையில் விளையாட்டுத் திடல் என்று தீர்மானம் கேளுங்கள். பஞ்சமி நிலத்துக்காக நாம் ஏடு தேடியதுபோல் திடலுக்காகவும் தேட வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பள்ளிகளிலும் மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் இருக்கிறார்களா என்று கணக்கெடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அதற்கு எந்தச் சான்றிதழ், எந்த நிலைப் போட்டி தேவை என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், பெண் பிள்ளைகளுக்கு முதலில். தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற நம் கோரிக்கையோடு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விடுப்பு உரிமை என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது 21 வயது. இன்னும் அதே சிப்காட்டில்தான் வேலை, வேறு காண்ட்ராக்டரிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முள்கம்பிக்கு இந்தப் பக்கம் மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து கொடுக்கக் கற்றுத் தருகிறான். சென்ற வாரம் போயிருந்தேன். பந்தைத் துரத்தி எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தினான்: "எல்லாரும் கோல் போட ஓடாதீங்கடா. ஒருத்தன் நடுவுல நில்லு!"

அந்தத் திடலின் புல எண்ணோடு மனு போன திங்கட்கிழமை கொடுக்கப்பட்டிருக்கிறது. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

ஜெய்பீம்.